சின்ன கேமராவில் நல்ல படம்: அன்றும் இன்றும்

கேனன் நிறுவனம் 2008-ல் பவர்ஷாட் ஜி10 என்ற கேமராவைக் கொண்டுவந்தது. அதில் 14.7 மெகாபிக்சல். அடுத்த ஆண்டே அதன் வாரிசாக ஜி11 வந்தது. அதில் 10 மெகாபிக்சல்தான். சென்சாரின் பரப்பு ஏறக்குறைய அதேதான். அதில் அடைத்திருந்த புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டார்கள். எண்ணைக் கூட்டிக் கூட்டியே விற்றுவந்த ஒரு தொழிலில், புது மாடலின் அட்டைப்பெட்டியில் சின்ன எண்ணைப் போட்டு "இதுதான் முன்னதைவிட நல்லது" என்று சொல்லத் துணிச்சல் வேண்டும். படமெடுப்பவர்கள் பத்தாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் ஒரு பெரிய நிறுவனத்தின் காதில் விழுந்தது.

அந்தப் பத்தாண்டில் கேமரா வாங்கப் போனால் கடைக்காரரும் வாங்குகிறவரும் பேசியது ஒரே பேச்சு: "எத்தனை மெகாபிக்சல்?" ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் அந்த எண்தான் விலையைத் தீர்மானித்தது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிற மாமாவிடம் சொல்லியனுப்பும்போதும் கம்பெனிப் பெயரை அடுத்து அந்த எண்ணைத்தான் சொல்வார்கள். 3 போய் 5 வந்தது, 5 போய் 7, பிறகு 10, 12.

எதற்கு இத்தனை என்று கணக்குப் பார்த்தவர்கள் குறைவு. கலர் லேபில் போடுகிற சாதாரண மேக்ஸி சைஸ் பிரிண்ட் 6 அங்குலம், 4 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 1,800-ஐ 1,200-ஆல் பெருக்க வேண்டும், 21.6 லட்சம் புள்ளி. இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். 1999-ல் வந்த நிகான் கூல்பிக்ஸ் 950 ஏறக்குறைய அந்த இடத்தைத் தொட்டுவிட்டது. அதற்குப் பிறகு வீட்டு ஆல்பத்துக்குப் படமெடுத்தவர்களுக்குப் புள்ளிகளில் பஞ்சமே இருக்கவில்லை. பஞ்சம் வெளிச்சத்தில் இருந்தது.

ஃபிலிம் காலத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக இல்லை. அதன் காரணத்தை நாம் மறந்துவிட்டோம். விலை மலிந்த கேமராவிலும் சரி, ஸ்டுடியோக்காரர் கழுத்தில் தொங்கும் கேமராவிலும் சரி, உள்ளே போட்டது ஒரே 35 மி.மீ. சுருள்தான். ஊட்டியில் தயாரான 'இந்து' கருப்பு வெள்ளைச் சுருளானாலும் கொடாக், ஃபியூஜி கலர் சுருளானாலும், ஒவ்வொரு படத்துக்கும் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கிடைத்தன. லென்ஸில் ஏற்றத்தாழ்வு இருந்தது. படம் பதியும் பரப்பில் இல்லை. தரம் போதவில்லை என்றால் அடுத்த முறை நல்ல ஃபிலிம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். டிஜிட்டல் வந்ததும் ஃபிலிமும் கேமராவும் ஒட்டிப்பிறந்தவை ஆகிவிட்டன. மலிவான கேமரா வாங்கியவர், அது உழைக்கிற வரைக்கும் அதனுள் இருக்கும் சின்ன சென்சாரோடுதான் காலம் தள்ள வேண்டும்.

அந்தச் சின்னது எவ்வளவு சின்னது? 2000-களின் நடுவில் சட்டைப்பையில் அடங்கும் கேமராக்கள் பலவற்றில் இருந்த சென்சார் சுமார் 5.8 மி.மீ. அகலம், 4.3 மி.மீ. உயரம். பரப்பு 25 சதுர மி.மீ. பழைய ஃபிலிம் சட்டமோ 864 சதுர மி.மீ. ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அந்த 25 சதுர மி.மீட்டருக்குள் 70 லட்சம் புள்ளிகளை அடைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் இடம் இரண்டு மைக்ரானுக்கும் குறைவு.

இங்கேதான் வெளிச்சத்தின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் துகள்களாக வந்து விழுகிறது. சீராக விழுவதில்லை. சராசரியாக 10,000 துகள் விழ வேண்டிய ஒரு புள்ளியில் ஒரு முறை 9,900 விழும், இன்னொரு முறை 10,100 விழும். இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 10,000-க்கு 100, அதாவது நூற்றுக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியாது. அதே புள்ளிக்கு 100 துகள்தான் கிடைத்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, நூற்றுக்குப் பத்து. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே சுவரையோ ஒரே கன்னத்தையோ பார்த்தாலும் ஒன்று வெளுத்தும் ஒன்று கறுத்தும் நிற்கும். "கிரெயின்ஸ் வருது" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். கேமராவின் மின்சுற்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். ஆனால் அடிப்படை வெளிச்சத்தின் இயல்பிலேயே இருக்கிறது. எந்த கம்பெனியும் அதை ஒழிக்க முடியாது. அதிக வெளிச்சத்தைச் சேகரிப்பது ஒன்றுதான் வழி. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் வெளிச்சம் கூடுவதில்லை; வந்த சொற்பத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து.

அன்றைய கம்பெனிகள் இதை மறைக்கச் செய்த காரியம் படத்தை இன்னும் கெடுத்தது. சென்சார் தந்த கணக்கை கேமரா உள்ளுக்குள்ளேயே வேகவேகமாகத் தேய்த்து, சமன்படுத்தி, ஓரங்களைக் கூராக்கி, ஜேபெக் கோப்பாகச் சுருக்கிக் கொடுத்தது. தேய்த்ததில் கிரெயின்ஸோடு சேர்ந்து வேறு பலவும் போயின. தலைமுடி இழைகள் ஒட்டிக்கொண்டு ஒரே தீற்றலாயின. பட்டுப்புடவை ஜரிகையின் பின்னல் காணாமல் போனது. தூரத்து வேப்பமரம் இலைகளே இல்லாத பச்சைத் திட்டாயிற்று. நிறத்தின் ஆழமும் குறைந்தது: சென்சார் ஒவ்வொரு புள்ளியிலும் 1,024 அல்லது 4,096 படிகளில் வெளிச்சத்தை அளந்து வைத்திருக்கும், ஜேபெக்கில் மிஞ்சுவது ஒரு நிறத்துக்கு 256 படி. வெயிலில் வெளுத்துப்போன வெள்ளை வேட்டியின் மடிப்பை மீட்கலாம் என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால் அங்கே மீட்க எதுவும் இருக்காது.

சென்சார் அளந்ததை அப்படியே எழுதிவைக்கும் கோப்புக்கு 'ரா' என்று பெயர். அதைக் கொடுக்க சின்ன கேமராக்களால் முடியும், பெரும்பாலானவை கொடுக்கவில்லை. பணம் அதிகம் கொடுத்து எஸ்.எல்.ஆர். வாங்குகிறவருக்கென்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2003-ல் கேனன் 300டி என்ற 6.3 மெகாபிக்சல் எஸ்.எல்.ஆர். ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தபோது அந்த உலகத்தின் கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் நம் ஊரில் அந்த விலைக்கு ஒரு குடும்பம் எத்தனையோ முறை யோசிக்கும். கேனனின் ஜி-வரிசையில் முன்பு ரா வசதி இருந்தது. 2006-ல் வந்த ஜி7-ல் அதை எடுத்தேவிட்டார்கள். வாங்கியவர்கள் விடவில்லை, எதிர்ப்பு பலமாக இருந்தது. 2007-ல் ஜி9-ல் திரும்பக் கொடுத்தார்கள்.

ஜி-வரிசைக்கும் கீழே இருந்த கேமராக்களை யாரும் பொருட்படுத்தாதபோதுதான் சி.எச்.டி.கே. வந்தது. சின்ன கேமராவில் நல்ல படம் என்ற கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது. கேனன் கேமராவின் உள்ளே ஓடும் மென்பொருளை வெளியாட்கள் சிலர் ஆராய்ந்து, அதன் மேல் ஏறி உட்காரும் இன்னொரு மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். கேமராவில் இருப்பதை அது அழிக்காது. மெமரி கார்டில் இருக்கும். கார்டின் ஓரத்தில் இருக்கிறதே சின்ன லாக், அதைத் தள்ளிவிட்டு உள்ளே போட்டால் கேமரா விழிக்கும்போது இதுவும் விழிக்கும். லாக்கைத் திருப்பிவிட்டால் பழைய கேமரா பழையபடி. பயந்த சுபாவம் உள்ளவர்களும் தைரியமாகப் போட்டுப் பார்க்கலாம்.

அது தந்தவை ஏராளம். முதலில் ரா கோப்பு. அடுத்து, படத்தின் எந்தப் பகுதி வெளுக்கப்போகிறது என்பதை எடுப்பதற்கு முன்பே காட்டும் வரைபடம். ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் வரிசையாக எடுக்கும் வசதி. எதிரே அசைவு தெரிந்தால் தானாகக் கிளிக் செய்யும் வசதி. இதை வைத்து மின்னலைப் பிடித்தார்கள். டபுள்-ஏ பேட்டரி போட்டு ஓடும் ஏ-வரிசை பவர்ஷாட் ஒன்றில் நானும் அதை ஓட்டியிருக்கிறேன். ஒரு ரா கோப்பை எழுத கேமரா சில விநாடி முக்கும்; அதற்குள் குழந்தை ஓடிவிடும். ஆனாலும் அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து, கேமரா தேய்த்தழித்த ஜரிகை அங்கே கிரெயின்ஸுக்கு நடுவில் உயிரோடு இருப்பதைப் பார்த்தபோது ஏற்பட்ட நம்பிக்கை பெரிது. அந்தச் சின்ன சென்சார் பார்க்கத்தான் செய்திருக்கிறது. பார்த்ததை நமக்குச் சொல்லவிடவில்லை.

அந்தக் கோப்புகளைத் திறந்து படமாக்கும் வேலையில் டேவ் காஃபின் என்பவருக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. 1997 முதல் அவர் தனியாளாக 'டிசிரா' என்ற நிரலை எழுதிவந்தார். ஒவ்வொரு கம்பெனியும் தன் ரா கோப்பை ரகசியமாக வைத்திருந்த காலத்தில், நூற்றுக்கணக்கான கேமராக்களின் கோப்பை அவர் ஒருவரே பிரித்துப் படித்தார். பல இலவச மென்பொருள்கள் அவர் எழுதியதன் மேல்தான் எழுந்தன.

கருவி இப்படி ஒரு பக்கம். கைப்பழக்கம் மறு பக்கம். அன்று சின்ன கேமராவில் நல்ல படம் எடுத்தவர்கள் வெளிச்சத்துக்காக உடம்பை வருத்தினார்கள். ஐஎஸ்ஓ 80-ஐ விட்டு நகரமாட்டார்கள். ட்ரைபாட் இல்லாத இடத்தில் தூணில் சாய்வார்கள், மூச்சை அடக்குவார்கள், ஜன்னல் திண்டில் கேமராவை வைத்து இரண்டு விநாடி டைமரில் விடுவார்கள், விரல் பட்டு ஷேக் ஆகிவிடக் கூடாது என்று. வெளுக்காத அளவுக்கு எவ்வளவு வெளிச்சமாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் இறக்கு என்பது அந்தக் காலத்தின் முக்கியமான பாடம். புகைப்படக் கலைஞர் மைக்கேல் ரைக்மன் 2003-ல் எழுதிப் பரவலாக்கியது. 4,096 படிகளில் மேல்பாதி, அதாவது 2,048 படிகள், மிக வெளிச்சமான பகுதிக்கே போய்விடுகின்றன, அதை வீணாக்காதே என்று அவர் காரணம் சொன்னார். படிகளைவிடத் துகள் எண்ணிக்கைதான் உண்மையான லாபம் என்று இயற்பியலாளர் எமில் மார்ட்டினெக் பின்னர் விளக்கினார். காரணம் திருத்தப்பட்டது, பழக்கம் சரியாகவே இருந்தது.

நம் ஊர்க் கல்யாண மண்டபம் தனிப் பரீட்சை. சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு 100 முறை மங்கி எரியும், நம் மின்சாரம் 50 சுழற்சி என்பதால். ஷட்டரை 1/250-ல் வைத்து வரிசையாக எடுத்தால் ஒரு படம் பச்சையாகவும் ஒரு படம் பழுப்பாகவும் வரும். 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் ஒரு முழுத் துடிப்பு அடங்கிவிடும், நிறம் நிற்கும். இது தெரிந்தவர் எடுத்த கல்யாண ஆல்பத்துக்கும் தெரியாதவர் எடுத்ததற்கும் வித்தியாசம் பார்த்தவுடனே தெரியும். இன்று மண்டபங்களில் டியூப்லைட் போய் எல்.இ.டி. வந்துவிட்டது. மலிவான எல்.இ.டி.யிலும் இதே துடிப்பு கோடு கோடாக விழுகிறது. போதாததற்கு மேடையில் ஊதாவும் நீலமும் அடிக்கிறார்கள். அரங்கேற்றத்தில் ஆடும் பெண்ணின் முகத்தில் ஒரே நிறம் முட்டி வழிந்துவிட்டால், ஒயிட் பேலன்ஸை எப்படித் திருப்பினாலும் மற்ற நிறங்கள் வராது. அந்தப் பிரச்சினையை இன்றைய எந்த கேமராவும் முழுதாகத் தீர்க்கவில்லை. விளக்குக்காரரிடம் போய்ப் பேசுவதுதான் தீர்வு.

இன்றைக்கு போனில் நடப்பதன் வேர் கேமரா கம்பெனிகளிடம் மட்டும் இல்லை. வானம் பார்க்கும் பொழுதுபோக்காளர்களிடமும் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் அவர்கள் ஃபிலிப்ஸ் வெப்கேமராவைத் தொலைநோக்கியின் பின்னால் மாட்டி, வியாழனையும் சனியையும் வீடியோ எடுத்தார்கள். காற்றின் அலைச்சலில் ஒவ்வொரு சட்டமும் நெளியும், ஒவ்வொன்றிலும் கிரெயின்ஸ் கொட்டும். நெதர்லாந்தைச் சேர்ந்த கோர் பெரெவூட்ஸ் எழுதிய 'ரெஜிஸ்டாக்ஸ்' என்ற இலவச மென்பொருள், அந்த ஆயிரக்கணக்கான சட்டங்களில் தெளிவானவற்றைப் பொறுக்கி, ஒன்றின் மேல் ஒன்றை அச்சுப் பிசகாமல் பொருத்தி, சராசரி எடுத்தது. 16 படத்தின் சராசரியில் கிரெயின்ஸ் நாலில் ஒன்றாகும். 100 படத்தில் பத்தில் ஒன்றாகும். நிஜமான விவரம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருப்பதால் அது அப்படியே நிற்கும். சில ஆயிரம் ரூபாய் வெப்கேமராவில் சனியின் வளையத்துக்கு நடுவே உள்ள இடைவெளி தெரிந்தது. அதே வித்தையை பூமியில் உள்ளவற்றுக்கும் செய்தோம்: கோபுரத்தை இரவில் கையில் பிடித்தபடி பல படம் எடுத்து, 'ஹுகின்' என்ற இலவச மென்பொருளின் உதவியால் பொருத்திச் சராசரி பார்ப்பது. ஒரு படத்துக்கு ஒரு சாயங்காலம் போய்விடும்.

அந்தச் சாயங்கால வேலைதான் இன்று போனில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மார்க் லிவாயும் மாணவர்களும், நிரல் எழுதி முழுதாக ஆட்டிவைக்கக்கூடிய 'ஃபிராங்கன்கேமரா'வை 2010-ல் வெளியிட்டார்கள். நோக்கியா என்900 போனிலும் அதை ஓடவிட்டார்கள். பிறகு அவர் கூகுளில் வழிநடத்திய குழு எச்டிஆர் பிளஸ் என்ற முறையை உருவாக்கியது. 2013-ல் நெக்சஸ் 5-ல் அது வந்தது. திரையில் காட்சி தெரியும்போதே போன் படங்களை எடுத்துக்கொண்டே இருக்கிறது. நாம் விரலை வைக்கும் நொடியில், ஏற்கெனவே எடுத்தவற்றில் பல படங்களைச் சேர்க்கிறது. எல்லாம் வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாக எடுக்கப்பட்டவை, வானமும் விளக்கும் வெளுத்துவிடக் கூடாது என்பதற்காக. சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துப் பொருத்தி, சராசரி எடுத்து, இருண்ட பகுதியைத் தூக்கிவிடுகிறது. 2018-ல் வந்த 'நைட் சைட்' இதையே இருட்டுக்கு நீட்டித்தது. 15 படம் வரை சேர்த்தது. சில ஆண்டுகளில் இந்த வழி எல்லா கம்பெனிப் போன்களுக்கும் போய்விட்டது.

சென்சாரும் சும்மா இருக்கவில்லை. வெளிச்சத்தை மறித்துக்கொண்டிருந்த கம்பிகளைப் பின்பக்கத்துக்கு மாற்றும் முறையை 2009-ல் சோனி வீட்டு கேமராக்களுக்குக் கொண்டுவந்தது. 2012-ல் சோனியின் ஆர்எக்ஸ்100, சட்டைப்பை அளவிலேயே 116 சதுர மி.மீ. சென்சாரோடு வந்தது. அதே ஆண்டு நோக்கியா 808 போன் 41 மெகாபிக்சல் சென்சாரை வைத்துக்கொண்டு 5 மெகாபிக்சல் படம் கொடுத்தது. பல புள்ளிகளைக் கூட்டி ஒன்றாக்கிய படம். எண்ணிக்கைப் பந்தயத்துக்கு அப்போதுதான் ஒரு நியாயமான பொருள் கிடைத்தது. இன்று கடையில் "200 மெகாபிக்சல்" என்று சொல்லி விற்கும் போனும் வழக்கமாகப் பதினாறு புள்ளிகளைச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் தருகிறது. அது ஏமாற்று இல்லை. சரியான காரியம்தான்.

இவை எல்லாம் சேர்ந்து சட்டைப்பை கேமராவின் சந்தையை விழுங்கிவிட்டன. ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கமான சிபாவின் கணக்கில் 2010-ல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2023-ல் 77 லட்சம். இப்போது இளைஞர்கள் சிசிடி என்ற பழைய வகை சென்சார் உள்ள கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். சிசிடி-யில் ஏதோ மாயம் இருக்கிறது என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் ரசிப்பது நிஜமான செனான் ஃபிளாஷின் வெட்டு வெளிச்சத்தையும், முகத்தைத் திருத்தும் வேலை இல்லாத படத்தையும். அந்த ரசனையை நான் மதிக்கிறேன்.

வந்த வளர்ச்சியை வாயாரப் பாராட்ட வேண்டும். ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் பேத்தியை ஒரு பாட்டி போனில் எடுக்கிறாள், படம் வருகிறது. ஐஎஸ்ஓ தெரிய வேண்டாம், தூணில் சாய வேண்டாம். அன்று விவரமறிந்த சிலருக்கு மட்டும் கிடைத்தது இன்று எல்லாருக்கும் கிடைக்கிறது.

நம் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவின் அளவுமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக் கணக்குப் போடும். வெள்ளை வேட்டி சட்டையில் கறுத்த மனிதர் நின்றால், வேட்டியின் வெளுப்பைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் கரித்திட்டாகும். தெரிந்தவர்கள் வெளிச்சத்தை ஒரு படி ஏற்றி வைத்துத் தப்பித்தார்கள். இந்தச் சாய்வு டிஜிட்டலில் பிறந்ததும் அல்ல. கொடாக் கலர் லேப்களுக்கு அனுப்பிய, 'ஷெர்லி' என்று அழைக்கப்பட்ட அளவு அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். இன்றைய போன் முகத்தைக் கண்டுபிடித்து அதற்கென்று வெளிச்சம் பார்க்கிறது. கூகுள் 2021-ல் பிக்சல் 6-ல் 'ரியல் டோன்' என்ற பெயரில், கறுத்த தோல் அதன் இயல்பான நிறத்தில் வருவதற்கென்றே திருத்தங்கள் செய்தது. தாமதமாக வந்த நியாயம், ஆனாலும் நியாயம். அதற்கு நேர் எதிராக, நம் சந்தையில் விற்கும் பல போன்களின் செல்ஃபி கேமராவில் அழகூட்டும் வசதி இருக்கிறது. கறுப்பை வெளுக்கும், மருவை அழிக்கும், மூக்கைச் சிறுக்கும். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி தன் முகம் அதுதான் என்று பழகிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போது என்ன நினைப்பாள் என்பது எனக்கு உண்மையான கவலை. கேமரா செட்டிங்ஸில் தேடி அதை அணைத்துவிடுங்கள். படத்தின் தரத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

அழகூட்டும் வசதி இருப்பதாவது தெரியும். இருப்பதே தெரியாத இன்னொன்று இப்போது வந்திருக்கிறது. 2023 மார்ச்சில், சாம்சங் போன் வைத்திருந்த ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, அதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டி, எட்ட நின்று போனில் எடுத்தார். வந்த படத்தில் பள்ளங்கள் தெளிவாக இருந்தன, திரையில் இல்லாத பள்ளங்கள். நிலாவை அடையாளம் கண்டு, கற்றுவைத்ததைக் கொண்டு விவரத்தை மேம்படுத்துகிறோம் என்று நிறுவனம் விளக்கியது.

ஊகம் என்பது டிஜிட்டல் படத்துக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பைத்தான் இன்றும் ஏறக்குறைய எல்லா கேமராவும் ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றைத்தான் அளக்கும். மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்பப்படும். ஆகவே எந்தப் படத்திலும் நிறத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்தான். ஆனால் அந்த ஊகம், அதே நொடியில், அதே காட்சியிலிருந்து வந்த வெளிச்சத்தை வைத்துச் செய்தது. பல படங்களைச் சேர்க்கும் முறையிலும் அப்படியே. புதிய ஊகத்தின் மூலப்பொருள் வேறு யாரோ, வேறு எங்கோ, வேறு எதையோ எடுத்த லட்சக்கணக்கான படங்கள். அன்று கேமரா நாம் பார்த்ததில் பாதியைத் தூக்கி எறிந்தது. இன்று நாம் பார்க்காததைச் சேர்க்கிறது. எறிந்ததால் வந்த குறை படத்தில் குறையாகவே தெரிந்தது. சேர்த்ததால் வந்தது குறையாகத் தெரிவதில்லை. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

நிலா விஷயத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. நிலாவின் முகம் எல்லாருக்கும் தெரியும். குடும்ப குரூப் போட்டோவில் பின்வரிசை ஓரத்தில் நிற்கும் பெரியம்மாவின் முகம் அப்படி இல்லை. அது சில டஜன் புள்ளிகளில்தான் பதிந்திருக்கும். பெரிதாக்கினால் அன்று மங்கலாகத் தெரிந்தது. இன்று சில போன்களில் கண்ணும் இமையும் உதடும் கூர்மையாக இருக்கின்றன, ஆனால் அவை அவருடையவை அல்ல. தூரத்துக் கடைப் பலகையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: எழுத்து மாதிரி வளைவுகள் இருக்கும், எந்த எழுத்தாகவும் இருக்காது. அந்த அம்மாளுக்கு வேறு படமே இல்லாமல், பத்தாண்டு கழித்து அந்த முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்போகும் குடும்பம் எத்தனை இருக்கும்!

அதனால் இன்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்வது, கொஞ்சமாவது மூலத்தைக் காப்பாற்றி வையுங்கள் என்பதுதான். இப்போது ரா வசதியைப் பல போன்களே தருகின்றன. 'ப்ரோ' பக்கத்தில் இருக்கும். ஆப்பிள் 2020-ல் 'ப்ரோரா' கொடுத்தது. அதில் பல படம் சேர்க்கும் வேலை முடிந்தே வரும் என்றாலும் நிறத்தையும் வெளிச்சத்தையும் நாம் தீர்மானிக்க இடமிருக்கிறது. முக்கியமான நாட்களில், பெரியவர்களை எடுக்கும்போது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாகப் போனால் சுருங்கித்தான் போகும். கம்பெனிகளிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. படம் எந்தக் கருவியில் பிறந்தது, பிறகு அதற்கு என்ன நடந்தது என்பதைக் கோப்பிலேயே கையெழுத்தோடு பதித்துவைக்கும் முறை 2023-ல் லைக்கா எம்11-பி கேமராவில் வந்துவிட்டது. பல லட்ச ரூபாய் கேமராவுக்குக் கிடைப்பது பத்தாயிரம் ரூபாய் போனுக்கும் கிடைக்க வேண்டும். இத்தனை படம் சேர்ந்தது, இந்த இடத்தில் விவரம் கூட்டப்பட்டது என்று எழுதிவைத்தால் போதும். கூட்டவே கூடாது என்று நான் கேட்கவில்லை.

இன்றைய கற்றறியும் மென்பொருளால் எனக்கு நேர்ந்த பெரிய சந்தோஷம் பழைய கோப்புகளில்தான். டிஎக்ஸ்ஓ நிறுவனம் 2020-ல் 'டீப்பிரைம்' என்ற முறையைக் கொண்டுவந்தது. அடோபி 2023-ல் லைட்ரூமில் அதுபோன்ற ஒன்றைச் சேர்த்தது. இவை ரா கோப்பில் வேலை செய்து கிரெயின்ஸை மட்டும் பிரித்தெடுக்கப் பார்க்கின்றன. அளவாக வைத்தால் நன்றாகவே செய்கின்றன. கோடியில் வைத்தால் இவையும் கற்பனை செய்யும், ஆகவே மூலத்தையும் பக்கத்தில் திறந்து ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். பதினைந்து ஆண்டுக்கு முன் ஐஎஸ்ஓ 400-ல் எடுத்து, உபயோகமில்லை என்று ஒதுக்கிய ரா கோப்புகளிலிருந்து இன்று ஏ4 அளவுக்கு பிரிண்ட் போடும் படம் எடுக்க முடிகிறது. அதே நாளில் அதே கேமரா தந்த ஜேபெக்கில் முடியவில்லை, தேய்த்தழித்தது தேய்த்தழித்ததுதான்.

உங்கள் வீட்டு அலமாரியில் அந்தக் காலத்து சி.டி.க்களும் மெமரி கார்டுகளும் கிடந்தால் இந்த ஆண்டே ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள்; சி.டி. பூச்சு உரிந்தால் திரும்பாது. பெயரின் கடைசியில் சிஆர்2, என்இஎஃப், டிஎன்ஜி என்று முடியும் கோப்புகள் தென்பட்டால் தனி ஃபோல்டரில் போட்டு, இரண்டாவது பிரதியும் எடுத்து வையுங்கள். சாதாரணமாகத் திறக்காத, இடத்தை அடைக்கிற கோப்புகள் என்பதால் வீட்டில் யாராவது கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும்போது முதலில் அழிபவை அவைதான்.